ஏரிக்கரை இரவு ஒலிகள்: தூங்கும்போது கேட்கத் தகுந்தபடி பதிவு செய்வது எப்படி?

கரைவழி:

வணக்கம். மதுராந்தகம் வட்டத்தில் ஓர் ஊர் ஏரியின் இரவு ஒலியைப் பதிவு செய்து, தூக்கம் பிடிக்காதவர்கள் மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டுப் படுப்பதற்காக ஒரு மணி நேரக் கோப்பாக்க வேண்டும். இப்போதைக்குக் கையடக்க ரெக்கார்டர் ஒன்று, முக்காலி, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், பஞ்சு உறை இருக்கின்றன. பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக் ரெக்கார்டரிலேயே உள்ளதுதான்.

சோதனைப் பதிவில் கண்ட குறைகள்: அமைதியான இடங்களில் சத்தத்தைக் கூட்டினால் தவளைக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறுகிறது. ஜி.எஸ்.டி. சாலை (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) லாரி உறுமல் இரவு முழுக்க அடியில் ஓடுகிறது, பகலில் அதே இடத்தில் அது கேட்பதே இல்லை. விடியற்காலை 3 மணி வாக்கில் படபடவென்று பொரிகிற சத்தம். ஒரு பதிவு 11.40க்குத் தானாகவே நின்றிருக்கிறது, பவர் பேங்கில் மின்சாரம் மிச்சம் இருந்தும். கடைசியாக, 8 மணித் தவளைச் சத்தம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் தூங்க முடியாது.

எதை மாற்ற வேண்டும்? வேடந்தாங்கல் உள்ளே இரவில் மைக் வைக்க வழி உண்டா?

மூன்றாம்சாமம்:

நண்பரே, மைக்கை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்றுங்கள். உங்கள் ஐந்து குறையில் மூன்று இடத்தைச் சேர்ந்தவை.

லாரிச் சத்தம் இரவில் மட்டும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து பல கிலோமீட்டர் தாண்டி வந்து விழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வேறு வடகிழக்கிலிருந்து அடித்து, சாலைச் சத்தத்தை உங்கள் பக்கமே தள்ளுகிறது. சாலையிலிருந்து 8, 10 கிலோமீட்டர் மேற்கே, உத்திரமேரூர்ப் பக்கமாக உள்ளே போனால் பாதிக் கவலை தீரும்.

மீதிப் பாதியை ஏரிக்கரையே தீர்க்கும். அந்தப் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கில், உள்வாய் (நீர் தேங்கும் உட்பகுதி) மேற்கில். சாலையும் கிழக்கில். ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களின் பம்புசெட்டுகளும் கரைக்கு அந்தப்புறம். அதாவது உங்களுக்கு வேண்டாத சத்தமெல்லாம் கரைக்கு வெளியே, வேண்டியதெல்லாம் உள்ளே. அப்படியிருக்க எல்லோரும் முக்காலியைக் கொண்டுபோய்க் கரையின் உச்சியில் நிறுத்துகிறார்கள்! உச்சியில் இரண்டு பக்கச் சத்தமும் விழும், காற்றும் அடிக்கும். உட்சரிவில் உச்சியிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் கீழே இறக்கி, மைக் நீரைப் பார்க்கிறபடி வையுங்கள். மண்கரையே மதில் சுவராகிவிடும்.

அடுத்து மைக். கையடக்க ரெக்கார்டரில் மேலே குறுக்காக நிற்கும் இரண்டு மைக்கும் திசை மைக்குகள். பேட்டி, கச்சேரிக்கு அவை நல்லவை. வெட்டவெளியில் இரண்டு சங்கடம்: திசை மைக் காற்றுக்கு அதிகம் குமுறும், தன் இரைச்சலும் (மைக்கே உண்டாக்கும் 'உஸ்ஸ்') அதிகம். பிரைமோ இஎம்272 என்ற சிறு மைக் காப்ஸ்யூல் சோடியைத் தேடுங்கள். எல்லாத் திசையும் கேட்கும் வகை, தன் இரைச்சல் 14 டெசிபல்தான். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் 'பிளக்-இன் பவர்' (ஜாக் வழியே மைக்குக்குப் போகும் சிறு மின்சாரம்) தருகிற எந்த ரெக்கார்டரிலும் நேராக ஓடும். மெனுவில் அதை ஆன் செய்ய மறந்தால் சத்தமே வராது. எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் தடித்த பிளக்) உள்ளீடு மட்டும் உள்ள ரெக்கார்டர் என்றால் 48 வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு மாற்றி இரண்டு வேண்டும்.

சோடியை மாட்ட விலை உயர்ந்த சட்டம் தேவையில்லை. கோட்டு மாட்டுகிற தடித்த மர ஹேங்கர் ஒன்று போதும். இரு முனைக்கும் இடையே சுமார் 40 சென்டிமீட்டர் வரும். முனைக்கு ஒரு காப்ஸ்யூலை ரப்பர் வளையத்தால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பஞ்சு உறை, அதற்குமேல் ரோம உறை. கொக்கியை மரத்திலோ முக்காலியிலோ தொங்கவிடாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். தொங்கினால் ஆடும், ஆடினால் கேபிள் உரசும். உள்வாயில் கருவேல மரம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது: தண்டின் இரு பக்கமும் காது மாதிரி ஒவ்வொரு மைக்கை வைத்துக் கட்டுங்கள். நடுவில் மரம் நின்று மறைப்பதால் இட, வலம் நன்றாகப் பிரியும். ஹெட்போனில் கேட்கிறவருக்கு ஏரி நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எறும்புச் சாரி இல்லாத மரமாகப் பாருங்கள். ரோம உறைக்குள் ஒரே ஒரு முசுறு நுழைந்தாலும் விடியும்வரை கரகரவென்று அதுதான் கேட்கும்.

3 மணிப் பொரிசத்தம் பனி. காப்ஸ்யூலுக்குள் ஈரம் படிந்து மின் கசிவு உண்டாகி அப்படி வெடிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் உள்ள பொருள் வேகமாகக் குளிர்ந்து பனி பிடிக்கும். மரக்கிளையின் அடியில் அவ்வளவு பிடிக்காது. அதனால் மைக் இலைக்கூரையின் கீழ் இருக்கட்டும், வாய் சற்றுத் தரைநோக்கிச் சாய்ந்திருக்கட்டும். ரெக்கார்டரை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் 50 கிராம் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். கேபிள் டப்பாவுக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒருமுறை கீழே தொய்ந்து மேலேறட்டும், பனிநீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். ஏசி காரிலிருந்து நேராக எடுத்து வெளியே வைத்தாலும் இதே கதிதான். மூடிய பைக்குள் அரை மணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

பவர் பேங்க் நின்றது கோளாறு இல்லை. ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், 'போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு பல பவர் பேங்குகள் அணைந்துவிடும். குறைந்த மின்சார முறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரெக்கார்டருக்குள்ளும் முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி இருக்கட்டும். அளவு உங்களிடம் இருப்பதே தாராளம்: 250 மில்லியாம்பியர் வீதம் 13 மணி நேரம் என்றால் 16.25 வாட்-மணிதான், 10,000 எம்ஏஎச்சில் 37 வாட்-மணி இருக்கிறது.

மெமரி: 48/24 ஸ்டீரியோ மணிக்கு 1.04 ஜிபி. மாலை 5 முதல் காலை 6 வரை 13.5 ஜிபி. 32 ஜிபி கார்டு போதும்.

தானியங்கி அளவு, லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்குவது), அடிச்சத்த வெட்டு மூன்றையும் அணைத்துவிடுங்கள். தானியங்கி அளவு ஆனில் இருந்தால் தவளை ஓய்ந்ததும் இரைச்சலை மேலே தூக்கும், மறுபடி கத்தியதும் அமுக்கும். கேட்க மூச்சுவாங்குகிற மாதிரி இருக்கும், பிறகு எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது. 8 மணிக்கும் 3 மணிக்கும் 20, 30 டெசிபல் வித்தியாசம் வரும். உச்ச நேரக் கத்தல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல மைக்காக இருந்தால் 3 மணிப் பகுதியைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். ஜூம் எஃப்3 போல, அளவு முன்கூட்டி வைக்கத் தேவையில்லாத 32 பிட் ஃப்ளோட் வகை ரெக்கார்டர் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம். அதில் மெமரி மணிக்கு 1.38 ஜிபி ஆகும்.

வைத்துவிட்டு வந்துவிடுங்கள் என்றது முக்கியம். பக்கத்தில் ஆள் இருந்தால் உடை சரசரக்கும், கொசுவை அடிக்கக் கை போகும், ஆள்காட்டிக் குருவி இரவெல்லாம் உங்களையே காட்டிக்கொடுத்துக் கத்தும்.

வக்காக்குரல்:

வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் சரணாலயம். பார்வை நேரம் முடிந்த பிறகு உள்ளே இருக்கவோ கருவி வைக்கவோ வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. கூடு கட்டியிருக்கிற பறவைகளுக்கு நடுவே இரவில் ஆள் நடமாட்டம் நல்லதும் இல்லை. தூக்கத்துக்கான ஒலிக்கு அவ்விடம் பொருந்தவும் பொருந்தாது. கூடுகள் நெருக்கமாக உள்ள மரத்தில் குஞ்சுகள் இரை கேட்டு இரவிலும் கத்திக்கொண்டிருக்கும்.

ஊர் ஏரி என்றால் மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர், கரையை ஒட்டி நிலம் உள்ளவர், மூன்றாவதாக மீன் குத்தகை எடுத்தவர். மூன்றாமவரை விட்டுவிட்டால், இருட்டில் கரையில் பையும் கம்பியுமாக நிற்கிற ஆளை மீன் திருட வந்தவன் என்றுதான் காவலாள் நினைப்பார். மைக்கோடு ஒரு சீட்டும் கட்டிவைக்கலாம்: என்ன கருவி, எத்தனை மணி வரை, யாரிடம் சொல்லியிருக்கிறது. பம்புசெட் எந்நேரம் ஓடும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

நாள் பார்க்கும்போது மழையை மட்டும் பார்க்காதீர்கள். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடியுமுன்னே திருப்பாவை. மார்கழிப் பதிவு என்றால் 4 மணிக்குள் கிடைத்ததே மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்கடை விஷயம். பெருமழை பெய்த அன்றும் மறுநாளும் பெருந்தவளையும் தேரையும் சேர்ந்து கத்துவது இணைதேடும் கூட்டம். அதில் இடைவெளியே இருக்காது. மழை நின்று நான்கைந்து நாள் கழித்துப் போங்கள். இருட்டியதும் எழுகிற கூட்டுச்சத்தம் நள்ளிரவுக்குமேல் மெலியும். 1 மணி முதல் 4 மணி வரை ஒவ்வொரு குரலாகப் பிரிந்து, நடுவில் மௌனம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த மூன்று மணி நேரம்தான்.

அப்போது என்னென்ன விழும் என்று தெரிந்தால் தேர்ந்தெடுக்க எளிது. சீப்பின் பல்லை நகத்தால் வருடுகிற மாதிரி வருவது சிறுவாய்த் தவளை. மரத்தைத் தட்டுவது போல 'டக் டக் டக்' என்றால் மரத்தவளை. தேரை நீளமாகக் 'குர்ர்ர்' என்று இழுக்கும். ஈரக் கரையில் வளைக்குள்ளிருந்து ஒரே சுருதியில் ரீங்கரிப்பது பிள்ளைப்பூச்சி. தலைக்குமேல் ஒற்றையாக 'வக்' என்று போட்டுவிட்டுப் போவது வக்கா என்கிற இராக்கொக்கு. கூட்டமாகச் சீழ்க்கை அடித்தபடி கடப்பது சீழ்க்கைச் சிறகி என்கிற வாத்து. பளிங்குக் குண்டு சிமென்ட் தரையில் துள்ளித் துள்ளி அடங்குகிற மாதிரி கேட்டால் பக்கி என்கிற இரவுப் பறவை, நிலாக் காலத்தில் கூடுதலாகக் கூப்பிடும். தரிசுப் பக்கமிருந்து ஓலமிடுவது கண்கிலேடிப் பறவை. அழகான குரல், ஆனால் அரைத்தூக்கத்தில் இருப்பவரைத் தூக்கிவாரிப் போடும்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பதில் குரல் வாங்குகிற வேலை வேண்டவே வேண்டாம். எல்லைக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று அது பதறிக் கத்துவதைப் பதிவு செய்து யாருக்கும் அமைதி தர முடியாது.

கருவியை வெளிச்சம் இருக்கும்போதே, 5 மணிக்குள் வைத்துவிட்டு, விடிந்த பிறகு எடுங்கள். கல் பதித்த கரை, கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இருக்கிற இடம். முழங்கால் வரை பூட்ஸ், தலைவிளக்கு, கூட ஒரு ஆள். கல் இடுக்கில் கை விடக்கூடாது. வயல் வழியே குறுக்கே நடக்காதீர்கள், பன்றிக்காகத் திருட்டு மின்வேலி போட்டிருந்தால் இருட்டில் தெரியாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல் 108.

கரைவழி:

இருவருக்கும் நன்றி. உத்திரமேரூர்ப் பக்கம் பார்த்த ஏரியில் நீர் கரைவரை நிற்கிறது, கருவேல மரம் எல்லாம் நீருக்குள். கரையில் பனைமரம் மட்டும்தான். பனையில் கட்டலாமா? மைக் நீரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்?

மூன்றாம்சாமம்:

பனை வேண்டாம். தண்டு அருமையான மறைப்புதான், ஆனால் காய்ந்த ஓலை தொங்குகிற மரமாக இருந்தால் சின்னக் காற்றுக்கே சரசரக்கும். அது மழைத்தூறல் மாதிரி அகன்ற இரைச்சல், தவளைக் குரலோடு பின்னிக்கொள்ளும், வெட்டி எடுக்க முடியாது. ஓலை கழித்த பனை இருந்தால் சரி. இல்லையென்றால் பனைகளிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்சரிவில் ஹேங்கர் முறைதான். மரநிழல் இல்லாததால் பனி பிடிக்கும். மைக்குக்கு ஒரு முழம் மேலே பழைய சாக்குத் துண்டை நான்கு குச்சியில் விரைப்பாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் கூடாது, பனிச்சொட்டு அதில் விழுவது கேட்கும்.

உயரம் 1.2 மீட்டர். அதற்குக் கீழே போனால் புல்லில் உள்ள சில்வண்டு ஒன்றே மொத்தப் பதிவையும் பிடித்துக்கொள்ளும். நீரின் ஓரத்திலேயே வைத்தால் 2 மீட்டரில் ஒரு தேரை உட்கார்ந்து காதில் ஊதும். மிக நெருங்கிய தவளை 10, 15 மீட்டருக்கு அப்பால் இருக்கிற இடம் நல்லது. நீர் கரையைத் தொடுகிறதென்றால், நாணலும் சம்பும் இல்லாத வெறும் கல்சரிவுப் பகுதியைத் தேடுங்கள். அங்கே தவளை குறைவு, எதிர்க்கரைக் கூட்டம் நீர்ப்பரப்பின் மேல் தவழ்ந்து வரும். தூரத்து ஒலிக்குத்தான் அந்த மென்மை.

கிளம்புமுன் ஹெட்போனில் 5 நிமிடம் கேளுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லையென்றால் 'டிக் டிக் டிர்ர்' பதிவாகும். கொசு மருந்து தடவிய கையால் பஞ்சு உறையையோ ரெக்கார்டரையோ தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

நள்ளிசை:

எடிட்டிங் பக்கம் சொல்கிறேன்.

முதலில் முழு இரவையும் ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரம், சுருதி வாரியாக ஒலியைக் காட்டும் படம்) பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளிலேயே உண்டு. சில்வண்டு 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் கோடு போட்டாற்போல் நிற்கும், விமானம் அடியில் மெல்லச் சரிகிற கறையாகத் தெரியும், கருவேலங்கிளை தட்டியது செங்குத்துக் கீற்றாக நிற்கும். கறையில்லாத 15, 20 நிமிடத் துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு துண்டு போதும். ஐந்து நிமிடத் துண்டாகப் பன்னிரண்டு ஒட்டினால், எங்கே ஒட்டியிருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

அடியில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அதற்குமேல் ஏறினால் பெருந்தவளையின் உடம்பே போய்விடும். இரைச்சல் நீக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேசாகப் போட்டாலும் மௌனத்தில் நீர்க்குமிழி கொப்பளிக்கிற மாதிரி ஒரு செயற்கைச் சத்தத்தை விட்டுவைக்கும். பாதி இரவில் அதுதான் உறுத்தும். இரைச்சல் இருக்கிற துண்டை விட்டுவிட்டு வேறு துண்டு எடுங்கள்.

தூக்கத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதைவிட எவ்வளவு திடீர் என்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல், படுக்கையறைக்குள் தொடர் ஒலிக்கு 30 டெசிபல், தனித்தனித் திடீர் ஒலிக்கு 45 டெசிபல் என்று வரம்பு சொல்கிறது. சராசரியைவிட 10 டெசிபலுக்குமேல் துள்ளுகிற ஒலி, அதாவது ஆள்காட்டி, பக்கத்து வக்கா, நாய், எதுவானாலும் எடுத்துவிடுங்கள். அல்லது அந்த ஒரு நொடியை மட்டும் 8 டெசிபல் தாழ்த்துங்கள். கம்ப்ரஸர் (உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைக் குறைப்பது) போட்டுச் சமன்செய்ய நினைக்காதீர்கள், மௌனங்கள் மேலேறி மறுபடி சந்தைக்கடை ஆகிவிடும்.

சில்வண்டு ஹெட்போனில் ஊசிபோலக் குத்தினால் 5 கிலோஹெர்ட்ஸுக்குமேல் 3 டெசிபல் குறைக்கலாம். காது இரைச்சல் உள்ளவர்களில் சிலருக்கு இந்தச் சுருதி இதமாக இருக்கும், சிலருக்குத் தாங்காது. அதனால் இரண்டு வடிவம் கொடுப்பது நல்லது, ஒன்றில் பூச்சி குறைத்து.

இணைப்புக்கு 10 நொடி கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மெலிய அடுத்தது எழுவது), சம-ஆற்றல் வளைவு. நேர்க்கோட்டு வளைவு போட்டால் நடுவில் ஒலி பள்ளத்தில் இறங்கும். தொடக்கத்தில் 20 நொடி ஏற்றம், முடிவில் ஒரு நிமிடமாவது இறக்கம். தூங்கிப்போனவரைத் திடீர் மௌனமும் எழுப்பும். மொத்த அளவு மைனஸ் 28 எல்யுஎஃப்எஸ் (சராசரி உரப்பை அளக்கும் அலகு) சுற்றி வைத்தால் போதும். யூடியூப் உரத்ததைத் தாழ்த்துமே தவிரத் தாழ்ந்ததை உயர்த்தாது. கேட்பவர் தன் அறைக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்வார். எம்பி3 ஆக்கினால் 256 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் வையுங்கள். 128இல் சில்வண்டு சுழல ஆரம்பிக்கும்.

கரைவழி:

நீரின் ஒலி எங்கிருந்து எடுப்பது? அமைதியான ஏரியில் அலைச்சத்தமே விழவில்லை.

வக்காக்குரல்:

கலங்கலில். ஏரி நிறைந்து உபரி நீர் வழிகிற நாட்களில், கலங்கலிலிருந்து 60, 80 மீட்டர் தள்ளி உட்சரிவில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். 10 மீட்டரில் அது அருவி, எல்லாக் குரலையும் மூழ்கடித்துவிடும். 60க்கு அப்பால் சீரான விரிப்பு மாதிரி அடியில் கிடக்கும், அதன்மேல் ஒவ்வொரு தவளையாக எழும். தூங்கும் அறையின் மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் இரண்டையும் அந்த விரிப்பு மூடிவிடும் என்பது கூடுதல் லாபம். இயற்கை ஒலிகளும் உடல்நலமும் பற்றி 2021இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழான பிஎன்ஏஎஸ்ஸில் வந்த தொகுப்பாய்வில், மனநிலைக்கும் உடல்நலத்துக்கும் அதிகப் பயன் தந்ததாக வந்தது நீரொலி. பறவை ஒலி மன அழுத்தத்தைக் குறைப்பதில் முன்னே நின்றது.

கலங்கல் ஓடாத நாளில் மதகுக் கசிவு உதவும். மதகுத் தொட்டிக்குள் சொட்டுகிற நீர் எதிரொலித்து இனிமையாகக் கேட்கும். ஆனால் மதகுக்கு வெளிப்புறம் போகாதீர்கள், அங்கே மறுபடி பம்புசெட்டும் லாரியும்.

கோப்புப் பெயரிலேயே ஏரி, தேதி, தொடங்கிய நேரம், கடைசி மழை எத்தனை நாள் முன்பு என்று எழுதிவையுங்கள். தேறாத பகுதியையும் அழிக்க வேண்டாம். 8 மணிச் சந்தைக்கடையில் தனித்துத் தெரிகிற தவளைக் குரல்களை வெட்டி ஸெனோ-காண்டோ என்ற உயிரினக் குரல் இணையதளத்தில் ஏற்றலாம், அங்கே இப்போது பறவை மட்டுமின்றித் தவளைக்கும் இடம் உண்டு. ஏற்றும்போது வெட்டாத, வடிகட்டாத மூலக் கோப்பிலிருந்து எடுங்கள்.